மூன்று உறுமல்

எங்கள் வீட்டு டிவி காலை ஏழு மணிக்கு உறுமும். பழுதெல்லாம் இல்லை. பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் ரேடியோக்காரர்கள் வாயைத் திறந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

தூத்துக்குடியில் எங்கள் தெருவுக்கு வந்து யாரிடம் கேட்டாலும் லெஸ்லி மச்சாது வீட்டைக் காட்டுவார்கள். கூரையில் அத்தனை கம்பி நிற்கும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், மாடி அறையில் ஏசி போட்டு, அமெச்சூர் ரேடியோ கிளப்பை அங்கே குடிவைத்திருக்கிறார். கட்டிய மனைவி எமில்டா கீழே புழுங்குகிறாள், ரேடியோவுக்கு ஏசி. இதை நான் நாலு பேரிடம் சொன்னதுண்டு. இல்லையென்று சொல்லமாட்டேன்.

கிளப்பில் பதினோரு பேர். தினமும் காலை ஏழுக்கு ‘நெட்’ என்று ஒன்று நடக்கும். வேறொன்றும் இல்லை, வருகைப்பதிவு. ஓய்வு பெற்ற இயற்பியல் டீச்சர் கொர்னேலி, மாடி அறையில் மைக்கின் முன் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் அவரவர் அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிடுவார். அவரவர் வீட்டிலிருந்து ‘இருக்கேன், வணக்கம்’ என்பார்கள். விடைபெறும்போது ‘எழுபத்து மூணு’ என்பார்கள், வாழ்த்தாம். லெஸ்லியின் குறி ‘லீமா மைக்’ என்று முடியும்; எல், எம் என்ற எழுத்துகளை ரேடியோவில் அப்படித்தான் சொல்வார்களாம். முதல் வாரம், யாரந்த லீமா என்று எமில்டாவிடமே போய் விசாரித்துவிட்டேன். அந்த வீட்டில் அன்று சமையல் இல்லை.

அவர்கள் பேசுவது என் டிவி ஸ்பீக்கரில் சொல்லாக வராது, குறட்டையாக வரும். வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு, குறட்டையிலேயே எனக்கு ஆள் தெரியும். டீச்சருடையது அளந்து வெட்டிய மாதிரி. லெஸ்லியுடையது நீளம்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் ஒருவர் இறந்துவிட்டால், அடக்கம் முடிந்த மறுநாள் காலை நெட்டில் அவருடைய குறியை மூன்று முறை கூப்பிடுவார்கள். பதில் வராது என்று தெரிந்தே கூப்பிடுவார்கள். பிறகு ஒரு நிமிஷம் யாரும் பேசமாட்டார்கள். உயிரோடிருப்பவரை ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை கூப்பிடுவதோடு சரி. மூன்றாவது அழைப்பு இறந்தவருக்கு மட்டும். போன வருஷம் ஞானையா போனபோது கேட்டேன். மூன்று உறுமல், பிறகு ஒரு நிமிஷ மௌனம். கையில் தோசைக் கரண்டியோடு அழுதேன். உயிரோடிருந்தபோது அவரோடு எனக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வருஷத் தொடக்கத்தில் கிளப்பார் ஒரு பெரிய ஆன்டெனாவைத் தூக்கி நிறுத்தினார்கள். நிலாவைப் பார்த்துப் பேசப்போகிறார்களாம். துறைமுக ஒயர்லெஸ்ஸில் வேலை பார்த்த இசக்கியப்பன்தான் அதற்கு மூளை. சுக்குக் காப்பியைச் சாக்காக வைத்து மாடியேறி நானும் கேட்டேன்.

“நிலாவுல யாரு இருக்கா அண்ணாச்சி, பேசுததுக்கு?”

“யாரும் இல்லக்கா. நாம பேசினது அங்கன போய் முட்டித் திரும்பி வரும். ரெண்டரை விநாடி. நம்ம குரலே நமக்குத் திரும்பக் கேக்கும்.”

“அது எங்க வீட்டுக் கெணத்துலயே கேக்குமே.”

“கெணறு பக்கத்துல இருக்கு. இது மூணே முக்கால் லட்சம் கிலோமீட்டர்.”

“அம்புட்டுத் தூரம் போயி உங்க குரலத்தானா கேக்கணும்?”

லெஸ்லி சிரித்தார். “எக்காவுக்கு லைசென்சும் வேண்டாம், ஏரியலும் வேண்டாம். ஒலிபரப்பு தெரு முழுக்கப் போகும்.”

ஆன்டெனா தானே திரும்பி நிலாவைப் பின்தொடரும். நிலா வானத்தில் இருக்கும் நேரத்தில் அந்த மைக்கில் பேசியது அத்தனையும் மேலே போய்த் திரும்பியது. இரண்டு வாரம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு ஒரு பிற்பகல், டீச்சர் ‘ஒன்று, இரண்டு’ என்று சொல்வதற்கு முன்பே ரேடியோப் பெட்டியில் ‘ஒன்று, இரண்டு’ என்று வந்தது. அவர் குரல்தான். டீச்சர் வாயைத் திறந்தபடி இருந்தார்; சொல்லவே இல்லை. பதறிப்போய், சரிபார்க்க அதையே சொன்னார். அவர் சொன்ன பிறகு ஒன்றும் திரும்பி வரவில்லை. வரவேண்டியது முன்பே வந்துவிட்டது.

ரெக்கார்டர் கோளாறு என்று முதலில் இசக்கியப்பன் சொன்னார். மறுநாள் அது அரைமணி நேரம் முன்னால் வந்தது. அதற்கடுத்து ஒரு நாள், பிறகு இரண்டு நாள். ‘எக்கா, காப்பியில சீனிக்குப் பதிலா உப்பு’ என்று இசக்கியப்பன் குரல் பெட்டியில் வந்ததை நான் காதால் கேட்டேன். என்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அவர் என் காப்பியை வாயில் வைத்துவிட்டு மைக்கின் முன்னால் அதையே சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து டப்பாக்களுக்கெல்லாம் பேர் எழுதி ஒட்டினேன்.

“இது எப்படி டீச்சர்?” என்று கேட்டேன்.

“தெரியலம்மா. எதிரொலின்னா பேச்சுக்குப் பின்னாலதான் வரணும்னு நாம நெனச்சிருந்தோம். அதுக்கு அப்படித் தோணல போல.” கொர்னேலி டீச்சர் முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தியவர். தெரியவில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

முன்கூட்டி வந்ததைப் பொய்யாக்கிப் பார்க்கவும் முயன்றார்கள். ‘எல்லாரும் வெளிய போங்க, வெளிய போங்க, இன்னைக்குப் போதும்’ என்று டீச்சர் குரல் முன்கூட்டி வந்தது. நான் அதைச் சொல்லவே மாட்டேன் என்று டீச்சர் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள் மாலை, மைக் திறந்திருக்கும்போது சுவரிலிருந்த சுவிட்ச் பெட்டியிலிருந்து புகை கிளம்பியது. டீச்சர் எழுந்து கத்தினார். எழுத்துக்கு எழுத்து அதே வார்த்தை. எல்லோரும் வெளியே ஓடினார்கள். அவர் மட்டும் வாசலில் நின்று தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு அடுத்த வாரம், புதன்கிழமை பிற்பகல், நான் காப்பித் தட்டோடு மாடிப்படியில் நின்றேன். ஒட்டுக் கேட்கவில்லை. படியில் மூச்சு வாங்கினேன். அவ்வளவுதான்.

பெட்டியில் இரைச்சல். இரைச்சலுக்குள் டீச்சரின் குரல், உடைந்த குரல். காலை நெட்டின் தொடக்கம் இரைச்சலில் போய்விட்டது, தேதி கேட்கவில்லை. கேட்டது இதுதான்: ‘லீமா மைக்.’ இடைவெளி. ‘லீமா மைக்.’ இடைவெளி. ‘லீமா மைக்.’ பிறகு பேச்சே இல்லை. பின்னணியில் எங்கோ ஒரு பூனை மட்டும் கத்தியது. ஒரு நிமிஷம். அப்புறம் முடிந்தது.

உள்ளே இருந்தது டீச்சரும் இசக்கியப்பனும் மட்டும். லெஸ்லி கீழே குளித்துக்கொண்டிருந்தார். பாட்டுச் சத்தம் வேறு.

“முன்னால வார நேரம் ஒண்ணு, ரெண்டு, நாலுன்னு இரட்டிச்சுக்கிட்டே வருது,” என்றார் இசக்கியப்பன். “அடுத்தது எட்டு நாளு. அடுத்த வாரம் வியாழக்கெழம. அன்னைக்குக் காலை ஏழு மணிக்கு நிலாவும் மேற்க நிக்கும். கணக்கு சரியா இருக்கு டீச்சர்.”

“லெஸ்லிக்குத் தெரியவேண்டாம்.”

“தெரியாது.”

“எமில்டாவுக்கும்.”

“யாருக்கும்.”

நான் காப்பியோடு அப்படியே இறங்கிவிட்டேன். ஒரு மணி நேரம் அடக்கி வைத்திருந்தேன். எனக்கு அது பெரிய சாதனை. எமில்டா துணி காயப்போட வந்தாள். என் முகத்தைப் பார்த்து, “என்னக்கா?” என்றாள். எமில்டாவிடம் மட்டும்தான் சொன்னேன். இன்றுவரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எமில்டாவிடம் மட்டும்தான் என்று. பொழுது சாய்வதற்குள் தெருமுனை இஸ்திரிக்காரர் என்னிடம் வந்து, “லெஸ்லிக்கு வியாழக்கெழமையாம்ல?” என்று கேட்டார்.

அந்த எட்டு நாளும் அந்த வீடு பட்ட பாட்டை என்னவென்று சொல்ல. லெஸ்லி மாடியேறுவதை நிறுத்தினார். வாட்டர் ஹீட்டரைப் போடவிடமாட்டார். முள் இருக்கிறது என்று மீனைத் தொடமாட்டார். மீன் இல்லாமல் ஒருவேளை இறங்காத மனிதர். ஈசிஜி எடுத்தார்கள், நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததே அவரை மேலும் கலக்கியது. இதயம் இல்லையென்றால் வேறு எது? உட்கார்ந்த நாற்காலியின் மேலே மின்விசிறி சுற்றினால் நிமிர்ந்து பார்ப்பார். நாற்காலியைத் தள்ளிப் போட்டால் அங்கே அலமாரி.

வருகிறவர்கள் சாத்துக்குடியோடு வந்தார்கள். உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தார்கள். ஒரு உறவுக்காரி எமில்டாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, நல்ல போட்டோ ஒன்று எடுத்து வைத்திருக்கிறாயா என்று கேட்டதை நானே கேட்டேன். தினமும் அவரை பைக்கின் பின்னால் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகும் இசக்கியப்பன், அந்த வாரம் பைக் ரிப்பேர் என்றார். பைக் அவர் வீட்டு வாசலில் பளபளவென்று நின்றது. அவரைக் குறை சொல்லவில்லை. நானும் அந்த வீட்டுச் சுவரை ஒட்டி நடக்காமல் எதிர்ப்பக்கம் நடந்தேன். மகள் ஷெரினுக்கு ஐந்தாம் மாதம். மங்களூரிலிருந்து வருகிறேன் என்று அழுதவளை வரவேண்டாம் என்று தடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை லெஸ்லி என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன்.

“எக்கா, உங்கமேல கோவம் இல்ல,” என்றார். முகச்சவரம் செய்யாத முகம்; பிளேடுக்கும் பயம். “ஆனா நீங்க சொல்லாம இருந்திருந்தா இந்த எட்டு நாளும் நான் உயிரோட இருந்திருப்பேன்லா.”

எமில்டா என்னை முறைத்து ஒரு பார்வை பார்த்தாள்.

அப்போதுதான் கொர்னேலி டீச்சர் உள்ளே வந்தார். ஸ்கூட்டர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“லெஸ்லி, நான் ராப்பகலா யோசிச்சேன். நமக்குக் கேட்டது என்ன? என் குரல். மூணு தடவ உங்க குறி. ஒரு நிமிஷம் சும்மா இருக்கது. அவ்வளவுதானே? நீங்க செத்ததா யாரும் சொல்லலயே.”

“செத்தவனுக்குத்தான டீச்சர் மூணு தடவ கூப்புடுவோம்?”

“அது நாம வச்ச வழக்கம். நிலாவுக்கு நம்ம வழக்கம் தெரியுமா? சொன்னத அது திருப்பிக் கொடுக்கு, அம்புட்டுத்தான். வியாழக்கெழம காலைல நீங்க என் பக்கத்துல உக்காருங்க. நான் மூணு தடவ கூப்புடுதேன். நீங்க வாய மூடிக்கிட்டு இருங்க. கேட்டது நடந்துரும். கணக்கு முடிஞ்சுரும்.”

“உசுரோட இருக்க மனுசனுக்குக் கருமாதியா?” என்று எமில்டா பாய்ந்தாள்.

“எமில்டா, கருமாதி பண்ணிட்டு எந்திரிச்சு வந்து இட்லி சாப்பிடுவாரு. வேண்டாங்கியா?”

வியாழன் காலை அந்த ஏசி அறையில் நாங்கள் ஐந்து பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். மற்ற உறுப்பினர்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். மேற்கு ஜன்னலில் நிலா வெளுத்துப்போய்த் தொங்கியது. டீச்சர் வரிசையாகக் கூப்பிட்டார். பிறகு, ‘லீமா மைக்’ என்றார். லெஸ்லி தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். ‘லீமா மைக்.’ எமில்டா ஜெபமாலையை உருட்டினாள். ‘லீமா மைக்.’

அந்த ஒரு நிமிஷம். ஏசி ஓடுகிற சத்தம் மட்டும். லெஸ்லியின் கழுத்து நரம்பு துடிப்பதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். துடிப்பு நிற்கிறதா என்று பார்த்தேன் என்பதுதான் உண்மை.

நிமிஷம் முடிந்தது. லெஸ்லி கையை எடுத்து, “எமில்டா, பசிக்கு” என்றார். அந்த அறையில் எழுந்த சிரிப்பும் அழுகையும் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். எல்லோரும் இட்லிக்கு இறங்கினார்கள்.

நானும் இறங்கியிருப்பேன். இசக்கியப்பன் அந்தப் பழைய பதிவை அழிக்க உட்கார்ந்தார். என் வாய் சும்மா இருக்குமா?

“அண்ணாச்சி, அதுல ஒரு பூனை கத்திச்சே. இன்னைக்குக் கத்தலயே.”

“பூனை வரல, அவ்வளவுதான்.”

“டீச்சர் குரலும் அதுல ஒடஞ்சிருந்துச்சே. இன்னைக்குச் சிரிப்ப அடக்கிட்டுல்லா கூப்புட்டாவ.”

“இரைச்சல்ல அப்படித்தான் கேக்கும்க்கா.”

“ஒருக்கா போட்டுக் காட்டுங்க. அழிக்கதுக்கு முன்னால.”

போட்டார். காதில் மாட்டுகிற கருவியைக் கொடுத்தார். படிக்கட்டில் நின்று கேட்டதற்கும் இதற்கும் ரொம்ப வித்தியாசம். டீச்சர் அழுதுகொண்டிருந்தார். இரைச்சல் இல்லை அது, அழுகை. அதற்குப் பின்னால் இருந்தது பூனையும் இல்லை. வீறிட்டு, மூச்சு முட்டி, ஒரு கணம் நின்று, மறுபடி வீறிடும் அழுகை. மூன்று பெற்றவள் நான். தெருவில் பாதிப் பிரசவத்துக்குத் துணைக்குப் போனவள். பால் கேட்டு அழும் பச்சைக் குழந்தையின் குரல் எனக்குத் தெரியாதா? அதே அறையில், மைக்குக்குப் பக்கத்தில்.

அந்த வீட்டில் குழந்தை இல்லை. அப்போது இல்லை.

எட்டு நாள் என்று யார் சொன்னது? இசக்கியப்பன் சொன்னார். நிலா அப்படிச் சொல்லவில்லை.

“என்னக்கா, பூனைதான?” என்றார்.

கீழே லெஸ்லி இரண்டாவது தட்டு இட்லி கேட்கும் சத்தம் வந்தது. மீன் குழம்பு மிச்சமிருக்கிறதா என்றும் கேட்டார்.

“பூனைதான்,” என்றேன்.

இசக்கியப்பன் அழித்துவிட்டார். அன்றே பெட்டிக்கு வரும் கேபிளையும் பிடுங்கினார்கள். இனி எதிரொலியைக் கேட்பதில்லை என்று முடிவு. ஆன்டெனாவைக் கழற்ற மட்டும் லெஸ்லி விடவில்லை. கழற்றினால் பயந்த மாதிரி ஆகிவிடுமாம். நெட்டும் அதே மைக்கில்தான். கேட்க ஆள் இல்லையே தவிர, மேலே போவது போய்க்கொண்டுதான் இருந்தது.

ஐந்து மாதம் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. தெருவில் என் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். ஷெரின் பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை. தெருவே மிட்டாய் தின்றது. எனக்கு வந்ததை மகனிடம் கொடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் லெஸ்லி என்னிடம், “எக்கா, தொட்டில மாடி ரூம்ல கட்டப்போறோம். இந்த வெக்கையில புள்ளைக்கு ஏசி வேணும்லா,” என்றார்.

எனக்கிருக்கிற ஒரே கைத்தொழிலை அப்போது கையில் எடுத்தேன். ரேடியோ அலை பச்சைக் குழந்தைக்கு ஆகாது, தலை உச்சிக்குழி மூடாது, எங்கோ ஒரு குழந்தைக்குக் காது போயிற்று என்று இல்லாததையும் பொல்லாததையும் கட்டி எமில்டா காதில் போட்டேன். எமில்டா மிரண்டாள். ஷெரின் அழுதாள். தொட்டில் கீழேயே நின்றது. மூன்று நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

ரேடியோக்காரனிடம் எதையும் சொல்லலாம், அலையால் கெடுதல் என்று மட்டும் சொல்லக்கூடாது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. சிட்டுக்குருவி வரவில்லையா, தலைவலியா, முருங்கை காய்க்கவில்லையா, எல்லாவற்றுக்கும் முப்பது வருஷமாக அந்தக் கூரையைத்தான் இந்தத் தெரு கைகாட்டியிருக்கிறது. நானும்தான். அதுவரை எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே விட்ட லெஸ்லி, இதை விடவில்லை.

“எவ சொன்னா?” என்று வீடு அதிரக் கத்தினார். எவள் என்று அவருக்குத் தெரியும். “எம் பேத்திக்கு நான் கெடுதல் பண்ணுவனா? நாளையிலேர்ந்து நானே தூக்கிட்டுப் போறேன். தெனமும் நெட்ல எம்பக்கத்துல கெடப்பா. எல்லாரும் அவ சத்தத்தக் கேக்கட்டும்!”

“வேண்டாம் தம்பி,” என்றேன்.

“என்னத்துக்கு வேண்டாம்? காரணத்தச் சொல்லுங்க.”

எட்டு நாள் உயிரோடிருந்திருப்பேன் என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. சவரம் செய்யாத அந்த முகமும்.

“ஒண்ணுமில்ல,” என்றேன். “புள்ளைக்குச் சளி புடிக்கும்.”

அன்றிலிருந்து தொட்டில் மாடி அறையில்தான். டிவி பழசாகிவிட்டது, புதிது வாங்குவோம் என்கிறான் என் மகன். விடமாட்டேன் என்றுவிட்டேன். வளர்பிறையில் காலை ஏழு மணிக்கு நிலா இருக்காது. அந்தப் பதினைந்து நாள் எனக்கு மூச்சு வரும். பௌர்ணமி கழிந்தால் காலையில் எழுந்ததும் மேற்கே பார்ப்பேன்.

பௌர்ணமி போன செவ்வாய். இன்று சனிக்கிழமை. ஆறே முக்காலுக்கு டீச்சரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. மாடியில் குழந்தை வீறிட்டு அழுதது. மூச்சு முட்டி, நின்று, மறுபடி. டிவியைப் போட்டு உட்கார்ந்தேன். டீச்சரின் உறுமல், அளந்து வெட்டின மாதிரி. ஒவ்வொருவராக. எட்டாவதாக லெஸ்லியைக் கூப்பிடுவார். கூப்பிட்டார். ஒன்று.

சத்தமில்லை.

இரண்டு.

அடக்கத்துக்கு மறுநாள்தான் மூன்றாவது என்று தெரிந்தும், சேலை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

பிறகு நீளமாக, சோம்பலாக, அந்த உறுமல் வந்தது. பிள்ளையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்திருப்பார். கடைசியில் எல்லோருக்கும் எழுபத்து மூன்று சொல்லி முடித்தார்கள்.

டிவியை அணைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தேன். அந்தப் பெரிய ஆன்டெனா மேற்கே பார்த்து நின்றது. அது பார்க்கும் இடத்தில் நிலா இருந்தது. நாளைக்கும் ஏழு மணிக்கு இருக்கும், இன்றைவிடக் கொஞ்சம் உயரத்தில்.